காலியா ஓய்ந்திராவிட்டால்: முத்துக்கரையின் நிகழாத சரித்திரம்

1911-ஆம் ஆண்டில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கலைக்கப்படாமல், அதன் கப்பல்கள் கை மாறாமல், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அவை இடைவிடாது ஓடிக்கொண்டிருந்திருக்குமானால், இந்தக் கரையின் வாழ்வும் இந்நாட்டின் கடல் வாணிபமும் எவ்விதம் அமைந்திருக்கும் என்ற கேள்வி, தூத்துக்குடியில் அக்கம்பெனியை நிறுவிய வ.உ.சி.யின் பெயர் பேசப்படும் இடங்களில் யாராவது ஒருவர் வாயிலிருந்து எழாமல் இருப்பதில்லை. பெருமூச்சோடு கேட்கப்பட்டுப் பெருமூச்சோடு கைவிடப்படும் அக்கேள்வியை, அதற்குரிய மரியாதையோடு எடுத்துக்கொண்டு, கிடைக்கின்ற ஆதாரங்களோடு வைத்துப் பார்த்து, அது எவ்வளவு தூரம் போகும் என்று விசாரிப்பது வீண் வேலை என்று நான் கருதவில்லை. தோற்றுப்போன முயற்சிகளுக்கு நாம் செய்யக்கூடிய நியாயங்களில் அதுவும் ஒன்று.

சரித்திரத்தைப் பார்த்து இப்படிக் கேட்பது நேற்று வந்த வழக்கமன்று. ரோமாபுரியின் சரித்திராசிரியர் லிவி, தம் பெருநூலின் ஒன்பதாம் புத்தகத்தில், மகா அலெக்ஸாந்தர் மேற்கே திரும்பித் தம் நாட்டின்மேல் படையெடுத்திருந்தால் யார் வென்றிருப்பார் என்ற ஆராய்ச்சியில் இறங்கி, ரோமாபுரியே வென்றிருக்கும் என்று தீர்ப்பும் வழங்கிவிட்டார். 1836-இல் லூயி ஜெஃப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர், ருஷியாவில் அழியாத நெப்போலியன் உலகம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆள்வதாக நூல் ஒன்று இயற்றினார். 1931-இல் ஜே.ஸி. ஸ்கொயர் தொகுத்த கட்டுரைத் தொகுதியில், அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தலைகீழாக்கி எழுதியவர் வின்ஸ்டன் சர்ச்சில். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்று அமெரிக்காவைப் பங்கிட்டுக்கொண்டதாக பிலிப் கே. டிக் 1962-இல் எழுதிய நாவலுக்குப் பின், இது இலக்கியத்தில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்து, திரைக்கும் தொலைக்காட்சிக்கும் பரவிற்று.

நம் நாட்டில் இத்துறையின் மிகச் சிறந்த உதாரணத்தைத் தந்தவர், வியப்புக்குரிய வகையில், ஒரு வானியல் விஞ்ஞானி. ஜயந்த் நார்லிகர் எழுதிய கதையொன்றில், கங்காதர்பந்த் கெய்தொண்டே என்ற சரித்திரப் பேராசிரியர் ஒரு விபத்தினால் வேறோர் உலகத்துக்குள் சென்றுவிடுகிறார். அங்கே 1761-ஆம் ஆண்டின் பானிபட் போரில் மராத்தியர் தோற்கவில்லை. ஆங்கிலக் கம்பெனி சில கடற்கரைப் பட்டணங்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. இத்தனை பெரிய மாறுதலுக்கும் காரணம் என்னவென்றால், இங்கே விசுவாசராவின் மேல் பாய்ந்த குண்டு அங்கே அவர் காதருகே உரசிக்கொண்டு போய்விட்டது என்பதுதான். ஒரு குண்டு, ஓர் அங்குலம், அவ்வளவே. கதையாசிரியர் இமயமலையை அசைக்கவில்லை. சமுத்திரத்தை வற்றச் செய்யவில்லை. உண்மையான ஒரு போர்க்களத்தில் உண்மையாகவே இரண்டு விதமாகவும் நடந்திருக்கக்கூடிய ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் தம் கட்டடம் முழுவதையும் எழுப்பினார். கற்பனைச் சரித்திரம் மதிக்கத்தக்கதா, வெறும் மனோராஜ்யமா என்பதை நிர்ணயிப்பது அத்தகைய கணத்தைக் கண்டுபிடிக்கும் திறமைதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

தமிழில் இறந்தகாலத்தைப் புனைந்து எழுதுவதற்குப் பஞ்சமே இல்லை. ஆதித்த கரிகாலனின் கொலையைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு சொல்லாமல் விட்டதையெல்லாம் கல்கி ஐந்து பாகங்களில் நிரப்பினார். வீழ்ந்த சோழ வம்சம் கண்காணாத ஒரு தீவில் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்து வருவதாக 2010-இல் செல்வராகவன் 'ஆயிரத்தில் ஒருவன்' என்ற திரைப்படத்தை எடுத்தார். ஆயினும் நம்மவர் உள்ளத்தை இவற்றையெல்லாம்விட ஆழமாகப் பற்றியிருக்கும் புனைவு ஒன்று உண்டு; அது குமரிக்கண்டம்.

இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் மூன்று சங்கங்களும், கடல் கொண்ட தென்மதுரையும் கபாடபுரமும், சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் எழுநூற்றுக் காவதப் பரப்பில் எண்ணிக் காட்டும் நாற்பத்தொன்பது நாடுகளும் நம்முடைய பழைய நினைவுகள். 1864-இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர், மடகாஸ்கரின் லெமூர் இனங்களுக்கு விளக்கம் தேடப் புகுந்து, இந்து சமுத்திரத்தில் முழுகிய ஒரு கண்டத்தை அனுமானித்து, அதற்கு லெமூரியா என்று பெயரும் சூட்டினார். அந்தப் புதிய அனுமானமும் நம் பழைய நினைவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன, பாடநூல்களில் ஏறின, கண்ணதாசன் 'கடல் கொண்ட தென்னாடு' என்று நாவல் எழுதினார், 1981-இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கென்று அரசாங்கமே அதைப் பற்றி ஒரு படம் எடுத்தது. பூமியின் மேலோடு நகர்கிறது என்பதை நிலவியல் நிரூபித்தபின், அப்படியொரு கண்டம் முழுகியதாகக் கொள்ள இடமே இல்லாமற்போயிற்று. விஞ்ஞானிகள் லெமூரியாவைக் கைவிட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை.

அந்தக் கனவைப் பழிப்பது என் நோக்கமன்று. அடிமைப்பட்டிருந்த ஒரு ஜனசமூகம் தன் தொன்மையைப் பற்றிப் பெருமிதம் கொள்ள அது உதவிற்று என்பதை மறுப்பவன் நன்றியறியாதவன். ஆனால் அக்கனவில் மனிதருக்கு எந்த வேலையும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடல் பொங்கியது, நாடு போயிற்று; யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை; யாரும் எதற்கும் பொறுப்பாளி அல்லர். அழுவதற்கு அது ஏற்ற கதை. நாம் எங்கே தவறினோம், எங்கே தவறாதிருந்திருக்கலாம் என்று விசாரிப்பதற்கு அதில் இடம் இல்லை.

இந்த முத்துக்கரையில் நின்று பார்ப்பவருக்கு இன்னொன்றும் புலப்படும். இங்கே கடல் செய்தது நாம் பாடிக்கொண்டிருப்பதற்கு நேர் எதிரான காரியம். பாண்டியரின் துறைமுகமாய், முத்துக்குப் பேர்போன பட்டணமாய் விளங்கிய கொற்கைக்கு இன்று போகிறவர் கடலைக் காண முடியாது. தாமிரபரணி நூற்றாண்டு நூற்றாண்டாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போய்விட்டது. வாழைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவே ஒரு சிற்றூர், ஒரு குளம், மிகப் பழமையானது என்று ஊரார் போற்றும் ஒரு வன்னிமரம், அண்டையில் அக்கசாலை என்ற பெயரை இன்றும் சுமந்துகொண்டு, பாண்டியரின் நாணயம் அடித்த இடமாகச் சொல்லப்படும் ஒரு சிற்றூர். மண்ணைக் கிளறினால் சங்கின் துண்டுகளும் சிப்பி ஓடுகளும் கறுப்பு சிவப்பு மட்பாண்டச் சில்லுகளும் தட்டுப்படும். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே அகழ்ந்து பார்த்தார். 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணிக்கப்பட்டது. கொற்கையைக் கடல் விட்டு விலகவே காயல் எழுந்தது. மார்க்கோ போலோ கண்டு வியந்த அந்தக் காயலும் தூர்ந்து ஒதுங்கவே தூத்துக்குடி தலையெடுத்தது. காணாமற்போன நம் தலைநகரைக் கடலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்த காலமெல்லாம், மெய்யான தொல்துறைமுகம் ஒன்று நம் கலப்பையின் அடியில் கிடந்தது.

இனிக் கப்பலுக்கு வருவோம்.

1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 16-ஆம் தேதி பதிவு செய்யப்பட்ட சுதேசிக் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற வர்த்தகர் 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் தந்தார். ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளை உதவிச் செயலாளர் என்ற எளிய பதவிப் பெயரோடு எல்லாப் பாரத்தையும் தாங்கினார். கம்பெனியின் நோக்கங்களை வாசிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது: கொழும்புக்குப் பிரயாணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வதோடு அவர்கள் திருப்தியடையவில்லை; இந்நாட்டாருக்குக் கப்பல் ஓட்டவும் கட்டவும் பயிற்சி அளிப்பதும், கப்பல் கட்டும் துறைகளை அமைப்பதும்கூட அவர்கள் திட்டத்தில் எழுதப்பட்டிருந்தன. முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல், போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நிர்ப்பந்தத்தால் விலக்கிக்கொள்ளப்படவே, வ.உ.சி. பம்பாய்க்குப் போய் 1907-இல் 'காலியா' என்ற கப்பலோடு மீண்டார். 'லாவோ'வும் வந்து சேர்ந்தது.

அக்காலத்துத் தூத்துக்குடியை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கரையோரம் ஆழமற்ற கடல். பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வர இயலாது. சில மைல் தொலைவில் அது நங்கூரமிட்டு நிற்க, மூட்டையும் மனிதரும் தோணிகளில் ஏறி, அலையில் ஆடிக்கொண்டே அதன் விலாவை அடைய வேண்டும். ஆகவே காலியாவின் ஒவ்வொரு பயணத்துக்கும் இந்த ஊரின் தோணிக்காரர்களும் சுமைகூலிகளும் கைகொடுத்தாக வேண்டும். வக்கீலின் ஆங்கிலமும் வணிகரின் பணமும் மட்டும் அந்தக் கப்பலை ஓட்டியிருக்க முடியாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றக்கூடிய அக்கப்பலுக்கு எதிராக வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை மேன்மேலும் குறைத்தது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது.

பின்பு 1908 வந்தது. பிப்ரவரி மாத இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி, வ.உ.சி.யின் தலைமையில் வெற்றியும் கண்டது. மார்ச் 9-ஆம் தேதி, விபின் சந்திர பாலரின் விடுதலையை அதிகாரிகளின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் கொண்டாடினார்கள். கலெக்டர் விஞ்சு, அரசியலில் ஈடுபடுவதில்லை என்று உறுதி கேட்டார், அது மறுக்கப்பட்டது, 12-ஆம் தேதி கைது, மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்து, போலீஸ் துப்பாக்கிக்கு நால்வர் இரையாயினர், ஜூலை 7-இல் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அவர் 1912 டிசம்பரில் வெளிவந்தபோது கம்பெனி இல்லை. போட்டிக்காரர் கைக்கே கப்பல் போய்ச் சேர்ந்த செய்தி, கோயம்புத்தூரில் செக்கு இழுத்ததைவிட அவரை அதிகம் வருத்திற்று என்பார்கள்.

விசுவாசராவின் காதருகே உரசிச் சென்ற குண்டுக்கு நிகரான கணம் இதில் எது? பெரும்பாலோர் உடனே மார்ச் 12-ஐச் சுட்டுவார்கள்: கைது நடவாதிருந்தால்! அல்லது, உறுதிப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டிருந்தால்! அதை நான் ஏற்கத் தயங்குகிறேன். கையெழுத்திட்டிருக்கக்கூடிய சிதம்பரம் பிள்ளையைக் கற்பனை செய்வது, வேறொரு மனிதரைக் கற்பனை செய்வதாகும். அந்த வேறொரு மனிதர் முதலில் கப்பலே வாங்கியிருக்கமாட்டார். மனிதருடைய சுபாவத்தை மாற்றி எழுதும் மாற்றுச் சரித்திரம், நிலவியலை மாற்றி எழுதும் குமரிக்கண்டத்தைவிட மேலானதாகாது.

உண்மையான கணம் அவர் சிறை புகுந்தபின் வந்தது. அது ஒரு கணமாகவும் இல்லாமல், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நீண்டது. கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து எந்தக் கலெக்டரும் அடித்துவிடவில்லை. தலைவர் சிறையில் இருந்தாலும் கப்பல்கள் சொந்தத்தில் இருந்தன. கொழும்புக்குப் போகவேண்டிய ஜனங்களும் இருந்தார்கள், சரக்கும் இருந்தது. வ.உ.சி.யின் அரசியல் வேகம் தங்கள் முதலுக்கு ஆபத்து என்ற முணுமுணுப்பு, அவர் வெளியே இருந்த காலத்திலேயே கம்பெனிக்குள் எழுந்ததுண்டு. நஷ்டக் கணக்கும் அதிகாரிகளின் நெருக்கடியும் சேர்ந்துகொள்ளவே, தாங்கிப் பிடிக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். 1911-ஆம் ஆண்டின் முடிவு வெளியிலிருந்து சுடப்பட்ட குண்டு மட்டுமன்று. அதில் நம் கையொப்பங்களும் இருக்கின்றன. இதைச் சொல்வது எனக்கு இன்பமாக இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே பொருளில்லை.

சரி, ஒதுங்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இவ்விடத்தில்தான் கற்பனைக்குக் கடிவாளம் வேண்டும். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ரயில்வேயின் கப்பல் ஓடத் தொடங்கிற்று. இலங்கைக்குப் போகும் பிரயாணி, இரவு முழுதும் கடலில் கிடக்கும் தூத்துக்குடிப் பாதையைக் காட்டிலும் அந்தக் குறுகிய கடவையையே விரும்பியிருப்பான். நம் கற்பனைக் கம்பெனிக்கு அது முதல் அடி. அதே ஆண்டில் ஐரோப்பிய யுத்தம் மூண்டு கப்பற்கூலி எங்கும் ஏறியது. பிரயாணியை இழந்த காலியா, பருத்தியும் அரிசியும் ஏற்றி அந்த நஷ்டத்தை ஈடு செய்திருக்கலாம். அல்லது யுத்தத் தேவைக்கென்று சர்க்கார் அதைப் பறித்துக்கொண்டிருக்கலாம். இரண்டும் நடக்கக்கூடியவை. கலெக்டர் ஆஷ் துரையின் கதி என்னவாயிருக்கும், 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் அவரைச் சுட வாஞ்சிநாதன் நின்றிருப்பாரா என்றெல்லாம் மேலும் கேட்கத் தோன்றும். ஊகத்தின் மேல் ஊகமாக அடுக்கிக்கொண்டு போனால் அடியில் இருக்கும் உண்மை நசுங்கிவிடும் என்பதால், அங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் ஊகமின்றிச் சொல்லலாம். இந்தியர் கம்பெனியொன்று பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை எதிர்த்துப் பிழைத்திருக்கவே முடியாது என்ற வாதம் பொய். 1919 ஏப்ரல் 5-ஆம் தேதி, வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் தொடங்கிய சிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அவர்களையும் கட்டணப் போரால் நெரித்தார்கள். விலைக்கு வாங்கிவிடவும் பார்த்தார்கள். 1923-இல் கடுமையான நிபந்தனைகளோடு ஓர் உடன்படிக்கைக்கு அவர்கள் உட்படவும் நேர்ந்தது. ஆனாலும் பம்பாய் முதலாளிகள் பங்கை விட்டு ஓடவில்லை. கம்பெனி நிலைத்தது, வளர்ந்தது. நம் தேசம் ஆண்டுதோறும் ஏப்ரல் 5-ஐக் கடல்வாணிப தினமாகக் கொண்டாடுவது அந்த லாயல்டியின் நினைவாகத்தான். காலியா நிலைத்திருக்குமானால் அந்தத் தினம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு தூத்துக்குடித் தேதியாக இருந்திருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது. கப்பலோட்டப் பயிற்சி என்று காகிதத்தில் நின்றுபோன அந்த நோக்கம் நிறைவேறியிருந்தால், அலையை வாசிக்கத் தெரிந்த இந்தக் கரையின் பரதவ இளைஞர்களும் காயல்பட்டினத்து முஸ்லிம் இளைஞர்களும் தோணியிலிருந்து நீராவிக் கப்பலின் மேல்தளத்துக்கு ஒரு தலைமுறை முன்னதாகவே ஏறியிருக்கக்கூடும். தூத்துக்குடியின் ஆழ்கடல் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட 1974 வரை காத்திருக்க நேர்ந்தது; தனக்கென்று கப்பல் வைத்திருக்கும் ஊர் துறைமுகம் கேட்கும் குரலுக்கும், பிறர் கப்பலுக்குக் காத்து நிற்கும் ஊரின் குரலுக்கும் வித்தியாசம் உண்டு.

நம் கலைஞர்கள் இந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டார்கள்? ம.பொ.சிவஞானத்தின் நூலை ஆதாரமாகக் கொண்டு 1961-இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படம், சிவாஜி கணேசனின் உருவத்தில் வ.உ.சி.யைப் பாமர ஜனங்களின் உள்ளத்தில் நிலைநிறுத்தியது. வெளிவந்த காலத்தில் வசூல் ஏமாற்றம் அளித்த போதிலும், இன்று பலருக்கு அந்தச் சரித்திரமே அந்தப் படம்தான். ஆஷ் கொலை வழக்கில் தேடப்பட்டுக் கடைசி வரை அகப்படாமற்போன ஒட்டப்பிடாரம் மாடசாமிக்கு அப்படம் ஒரு காதலையும் குடும்ப பாசத்தையும் அளித்தது, ஆவணம் அறுந்துபோன இடத்தில் கற்பனை தன் நூலை முடிந்தது, அது தகும். ஜோ டி குருஸ் எழுதி 2013-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற 'கொற்கை' நாவலோ இன்னும் அரிய காரியத்தைச் செய்தது: கம்பெனிப் பதிவேட்டிலும் கலெக்டர் குறிப்பிலும் பெயரின்றி நிற்கும் தோணிக்காரர்களையும் பரதவக் குடும்பங்களையும் கொண்டு, இருபதாம் நூற்றாண்டுத் தூத்துக்குடியை ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுப்பிக் காட்டியது. ஆனால் காலியா ஓய்ந்திராத ஓர் உலகத்தை, நார்லிகர் பானிபட்டுக்குச் செய்ததுபோல், முழுமையாகக் கட்டிக் காட்டும் தமிழ் நாவல் எதையும் நான் கண்டதில்லை. சோழரின் புலிக்கொடியை நாட்டாத தேசங்களிலெல்லாம் நாட்டிப் பார்க்கும் நம் எழுத்தாளர்கள், இருபத்தைந்து ரூபாய்ப் பங்கொன்றை விற்காமல் வைத்துக்கொண்ட ஒரு சிறு வியாபாரியைக் கதாநாயகனாக்க ஏனோ முன்வரவில்லை.

முத்தைப் பற்றியும் இந்த ஊரார் இப்படிப் பேசுவதுண்டு: சலாபம் நின்றுபோகாதிருந்தால்! தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள கடலடிச் சிப்பிப் பார்களில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதன்பின் சிப்பி முன்போல் விளையவில்லை. அங்கே திரும்பிப் பார்த்துக் குற்றம் சாட்ட ஒரு கையொப்பம் இல்லை. ஆனால் 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இதே கரையில் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்களே, அந்த வித்தை ஏன் இங்கே பெருந்தொழிலாக வேரூன்றவில்லை என்று கேட்டால், அது விசாரிக்கத்தக்க கேள்வி.

சுதேசிக் கம்பெனியைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி பல்லாண்டு உழைப்பில் திரட்டி 2023-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட விரிவான வரலாறு, இனி எழுதப்போகும் எந்தக் கற்பனைக்கும் அடிமனையாக நிற்கும். அதற்கு மேலும் தேவைப்படுவது வீடுகளில் இருக்கலாம். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் மதுரையிலும் கொழும்பிலும், அந்நாளில் பங்கு வாங்கிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இதை வாசிக்க நேர்ந்தால், பழைய பெட்டியில் ஒரு பங்குப் பத்திரமோ, கணக்குச் சிட்டையோ, இயக்குநர்களுக்கு எழுதிய கடிதத்தின் நகலோ கிடக்கிறதா என்று தயவுசெய்து தேடிப் பாருங்கள். கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாமல், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கோ ஒரு பிரதியாவது கொடுங்கள்.